எதிர் மாடியிலிருந்து வந்த பூவாயி

தேனிக்கு மேற்கே சீனியம்மாள் பிறந்த மலையில் பூவாயி கதையை ஒருவர் தனியாகப் பாடுவதில்லை. தினைக்காட்டுக் காவலுக்குப் போனவர்கள் மேற்குச் சரிவிலிருந்து ஓரடி பாடினால், ஆற்றுக்கு அப்பால் கிழக்குச் சரிவிலிருந்து அடுத்த அடி வரும். முடிவை மட்டும் அவரவர் ஊர்த் திருவிழாவில் பாடுவார்கள். பத்து வயதிலேயே சீனியம்மாளின் குரல் ஆற்றைத் தாண்டிக் கேட்கும்.

கல்யாணமாகித் திருப்பூர் வந்து முப்பது வருடம். முதலிபாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. ஓட்டையும் கறையும் தேடிக்கொண்டே, வாய்க்குள் தானே கேட்டுத் தானே பதில் பாடிக்கொள்வாள்.

போன ஆனி மாதம் ஒரு மத்தியானம், மொட்டைமாடியில் டிபன் பாக்ஸைக் கழுவியபடி கொஞ்சம் உரக்கவே பாடிவிட்டாள்:

“ஆத்தோரம் மாடு மேய்க்கும் பூவாயி
அங்க என்ன கருமேகம் பாத்தியா?”

ரோட்டுக்கு அந்தப் பக்கக் கம்பெனி மாடியிலிருந்து பதில் வந்தது.

“மேகமில்ல மேகமில்ல மாமனே
மேயவந்த ஆனைக்கூட்டம் பாருய்யா!”

டிபன் பாக்ஸ் கைநழுவி உருண்டது. கைப்பிடிச் சுவருக்கு ஓடினாள். “யாருத்தா அது?”

“எம்பேரு விஜயராணி, அக்கா! கெழக்குச் சரிவு! இங்க அயர்ன் டேபிள்ல நிக்கிறேன்! நீ மேக்கா?”

“மேக்குத்தான்த்தா!”

மறுநாளிலிருந்து தினமும் சாப்பாட்டு நேரத்தில் கதை நகர்ந்தது. நாலாம் நாள் இரண்டு மாடிகளிலும் நிற்க இடமில்லை. பீகார்க்காரர்கள் வார்த்தை புரியாமலே பக்கெட்டைக் கவிழ்த்துத் தாளம் போட்டார்கள். யானைகளுக்குத் தப்பிப் பூவாயி ஆற்றைத் தாண்டுவாளா மாட்டாளா என்று லைன் லைனாக வாக்குவாதம்.

முடிவு பாடவேண்டிய நாளில் அவசர ஷிப்மெண்ட். முதலாளி மணியனே மாடியேறி வந்தார். எல்லாரும் படிக்கட்டுப் பக்கம் நகர்ந்தார்கள்.

“ஏனுங்க சீனியம்மா, லாரி வந்து நிக்குதுங்க. அந்தப் புள்ள ஆத்தத் தாண்டுச்சா இல்லீங்களா? அதப் பாடிப்போட்டு இறங்குங்க. எங்க ஊட்லயும் கேட்டுட்டே இருக்கறாங்க.”

சிரிப்பு வெடித்தது. சீனியம்மாள் தொண்டையைச் செருமிக்கொண்டு பாடினாள். மாடுகளைக் கரையேற்றிவிட்டாள் பூவாயி. வெள்ளம் வந்தது. சிவப்புச் சேலை சுழன்று மறைந்தது. மேற்குச் சரிவில் கதை அவ்வளவுதான்; பெண்கள் குலவையிட்டு அழுவார்கள். சீனியம்மாள் கண்மூடிக் கைகூப்பினாள்.

எதிர்மாடிக் குரலோ நிற்கவில்லை.

“இழுத்த தண்ணி எங்க கரை சேத்துச்சே
அத்திவேரப் புடிச்சு ஏறி வந்தாளே!”

“என்னத்தா பாடுற? அவ செத்துட்டால்ல!”

“சாகலக்கா! எங்க பக்கம் ஏறிட்டா! எங்க ஊருல வாக்கப்பட்டு ஏழு புள்ள பெத்தா! நாங்களே அவ வம்சந்தான்!”

சீனியம்மாளுக்கு அப்போதுதான் விளங்கியது. மேற்குக் கரையில் நின்றவர்கள் பூவாயி முழுகியதை மட்டும் பார்த்திருக்கிறார்கள்! அழுகையும் சிரிப்பும் ஒன்றாக முட்ட, யாரும் சொல்லித்தராத அடி ஒன்று சீனியம்மாள் வாயில் தானாக வந்தது.

“பொழச்சியாடி பூவாயி, பொழச்சியா!
பொழுதெல்லாம் அழுதோமே, கேட்டியா!”

இரண்டு மாடியும் விசிலடித்தது. கீழே லாரி டிரைவர் ஹாரனை விடாமல் அடித்தார், யாரும் அசையவில்லை.

பங்குனித் திருவிழாவுக்கு விஜயராணியைக் கையோடு தன் ஊருக்கு அழைத்துப் போனாள். பாட்டில் சிவப்புச் சேலை மறைந்ததும் பெண்கள் குலவையிட வாயெடுத்தார்கள். “இருங்கடி, இன்னும் இருக்கு!” என்று கத்திவிட்டு, விஜயராணியை முன்னால் தள்ளினாள் சீனியம்மாள்.