பித்தப்பைக்குப் போகும் வழி

டிப்போவில் பெரியம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிடுபவர்கள் இல்லை. 'ரிவர்ஸ்' என்பார்கள். வயதில் சிறியவர்கள் மரியாதையாக 'ரிவர்ஸ் அக்கா' என்பார்கள்.

பேருந்து ஓட்ட வந்த புதிதில் கிடைத்த பட்டம் அது. பெரிய சாலையில் குழாய் பதிக்கிறார்கள் என்று பேருந்துகளை ஒரு சந்தைத் தெருவுக்குள் திருப்பிவிட்டிருந்தார்கள். அங்கே ஒரு லாரி நின்று சரக்கு இறக்கிக்கொண்டிருந்தது. முன்னால் போனவர்கள் எல்லாரும் பக்கக் கண்ணாடியை மடக்கிக்கொண்டு எப்படியோ நுழைத்துப் போயிருந்தார்கள். பெரியம்மா இறங்கிப் போய் இடைவெளியைப் பார்த்தார். திரும்பி வந்து நடத்துனரைப் பின்னால் நின்று விசில் ஊதச் சொல்லி, தெரு முழுவதும் பின்னோக்கியே ஓட்டி வெளியே வந்தார். பயணிகள் கத்தினார்கள். டிப்போவில் கைதட்டி வரவேற்றார்கள்.

"முன்னாடி போக பயந்தா எதுக்கு இந்த வேலைக்கு வந்தீங்க?" என்று ஒருவர் கேட்டாராம்.

"என் வண்டிய சுத்திப் பாருங்க, ஒரு கீறல் இருக்கா? உங்க வண்டி பெயிண்ட் இன்னும் அந்த லாரியிலதான் ஒட்டிக்கிட்டு இருக்கு."

அன்றிலிருந்து அந்தப் பெயரைப் பதக்கம் போலத்தான் சுமக்கிறார்.

அப்படிப்பட்டவர் ஒருநாள் மதியம் நிறுத்தத்தில் வண்டியை ஓரம் கட்டிவிட்டு, படியிலேயே உட்கார்ந்துவிட்டார். வலது விலாவுக்குக் கீழே தொடங்கிய வலி முதுகைத் துளைத்துக்கொண்டு தோள் வரை ஏறியிருந்தது. ஸ்கேன் எடுத்தபோது பித்தப்பை நிறையக் கற்கள் இருப்பது தெரிந்தது.

"கல்லத் தின்னாலும் கரையும்னு பெருமை பேசுவியே, இப்ப பாரு, ஒரு ஜல்லிக் குவியலே உள்ள கிடக்கு" என்றார் பெரியப்பா. கட்டடங்களில் லிஃப்ட் பழுது பார்ப்பவர் அவர். பயந்தால்தான் இப்படிக் கேலி பேசுவார்.

பெரியம்மாவின் கவலை வேறு. நடுவில் துருத்தி போல மடியும் நீளப் பேருந்துகள் டிப்போவுக்கு வரவிருந்தன. அவற்றை ஓட்ட ஆள் எடுக்கும் தேர்வுக்கு இரண்டு மாதம்கூட இல்லை. அந்த வண்டியின் படம் வந்த நாளிலிருந்தே அதைத் தன் வண்டி என்றுதான் பேசிவந்தார். எந்த நேரமும் வலி வரலாம் என்ற நிலையில் சக்கரத்தைத் தொடக்கூடாது என்று டிப்போ மருத்துவர் எழுதிவிட்டார். பித்தப்பையை எடுத்தாக வேண்டும். தேர்வுக்குள் உடம்பு தேறவும் வேண்டும். வயிற்றை நீளமாகக் கீறினால் அது நடக்காது. துளை வழியாக எடுத்தால் நடக்கலாம். அதிலும் எந்தத் துளை வழி என்பதுதான் வீட்டில் சண்டை.

பெரியம்மாவின் மகள், எனக்கு அக்கா, மணப்பெண் அலங்காரம் செய்பவள். தொப்புள் வழியாக ஒரே துளை போதும் என்றாள். "தழும்பே தெரியாதும்மா. தொப்புள் மடிப்புக்குள்ள போயிடும்."

"நான் என்ன வயித்தக் காட்டிக்கிட்டா பஸ் ஓட்டறேன்?"

பெரியப்பா ரோபோ கட்சி. மருத்துவமனைகளின் விளக்கத் தாள்களை வாசித்துச் சொல்வது என் வேலை. வழக்கமான முறையில் நான்கு சிறு துளைகள். ஒன்றில் கேமரா, மற்றவற்றில் கருவிகள். ஒரே துளை முறையில் எல்லாம் தொப்புள் வழியே போகும், நேரம் கூடுதலாகும். ரோபோவிலும் சில துளைகள்தான். மருத்துவர் சற்றுத் தள்ளி உட்கார்ந்து இயந்திரக் கைகளை இயக்குவார். எல்லாவற்றிலும் வயிற்றைக் காற்றால் உப்ப வைத்துத்தான் உள்ளே பார்க்க முடியும்.

"ஆக எல்லாரும் போற ஊரு ஒண்ணுதான், ரூட்டுதான் வேற. சரி, ரூட்டக் கேக்காம டிரைவரக் கேப்போம்" என்றார் பெரியம்மா.

முறைக்கு ஒருவராக மூன்று மருத்துவர்களைப் பார்த்தோம். மூவரிடமும் அவர் கேட்டது ஒரே கேள்வி: "பாதி தூரம் போனப்புறம் வழி அடைச்சிருந்தா என்ன பண்ணுவீங்க?"

ஒரே துளை மருத்துவர் இளைஞர், நேர்மையானவர். "உங்களுக்கு அது பெரும்பாலும் வராதும்மா" என்றார். ஆனால் தானாகவே ஒன்றைச் சொன்னார். தொப்புளில் போடும் வெட்டு கொஞ்சம் பெரியது என்பதால், பின்னால் அந்த இடத்தில் குடல் பிதுங்கும் வாய்ப்பு மற்ற முறையைவிடச் சற்று அதிகம். "நாள் முழுக்க வயித்துக்கு வேலை குடுக்கறவங்க நீங்க. யோசிச்சுக்கோங்க." அக்காவின் முகம் சுருங்கியது.

ரோபோ மருத்துவமனையில் பெரியப்பாதான் அதிகம் பேசினார். அந்தக் கைகள் எந்தப் பக்கமெல்லாம் மடங்கும், கரண்ட் போனால் என்ன ஆகும், சர்வீஸுக்கு யார் வருவார்கள் என்று அவர் கேட்டுக்கொண்டே போக, மருத்துவர் கடைசியில், "ஆபரேஷன் அம்மாவுக்குத்தானே?" என்றார். சாதாரணப் பித்தப்பைக்கு இரண்டு முறையிலும் பலன் ஏறக்குறைய ஒன்றுதான் என்பதையும் ஒப்புக்கொண்டார். பெரியம்மாவின் கேள்விக்கு மட்டும், "அதெல்லாம் மெஷின் சமாளிச்சிடும்" என்று சிரித்தார்.

வெளியே வந்ததும் பெரியம்மா சொன்னார்: "வண்டி சமாளிக்கும்னு சொல்ற டிரைவர் பின்னாடி நான் உக்காரவே மாட்டேன்."

மூன்றாமவர் ஒரு பெண். நான்கு துளை முறைதான் செய்வார். கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். கேள்வியைக் கேட்டதும் பேனாவைக் கீழே வைத்தார்.

"நிப்பேன். நின்னு பாப்பேன். இன்னொரு ஓட்டை போட்டாத் தெரியும்னா போடுவேன். அப்பவும் தெரியலன்னா வயித்தக் கீறித் திறந்துடுவேன். ஈரல்லேர்ந்து வர்ற பித்தக் குழாய் பக்கத்துலயே ஓடுது. அதத் தெரியாம வெட்டிட்டா வாழ்நாள் முழுக்கத் தொல்லை. அதுக்கு நீளத் தழும்பு எவ்வளவோ மேல்."

"அப்படித் திறந்திருக்கீங்களா?"

"போன மாசம்கூட."

பெரியப்பா என்னைப் பார்த்தார். பெரியம்மா நாற்காலியை மேசைக்கு அருகே இழுத்துப் போட்டுக்கொண்டார். "தேதி சொல்லுங்க டாக்டர்."

வழியெல்லாம் பெரியப்பா பொருமிக்கொண்டே வந்தார். "முடியாமப் போனத வாய்விட்டுச் சொல்றவங்ககிட்டயா போவ? திறந்துட்டா உன் நீள வண்டி அவ்வளவுதான், தெரியுமில்ல?"

"தெரியுங்க. திரும்பத் தெரிஞ்சவங்கள நம்பித்தான் உள்ள போக முடியும்."

அறுவை சொன்ன நேரத்துக்குள் முடியவில்லை. வராந்தாவில் பெரியப்பா நடந்த நடையைப் பார்த்து, தரை துடைக்க வந்த ஆயாம்மா, "ஐயா, ஒரு ஓரமா நடங்க, இன்னும் காயல" என்று அதட்டினார். கதவு திறந்து படுக்கையைத் தள்ளிக்கொண்டு வந்தபோது பெரியம்மா அரை மயக்கத்தில் இருந்தார்.

அக்காதான் முதலில் கவனித்தாள். வயிற்றில் ஐந்து பிளாஸ்திரிகள். மருத்துவர் வந்ததும், "நாலுன்னுதானே சொன்னீங்க?" என்று எகிறினாள்.

மருத்துவர் நிதானமாகச் சொன்னார். பித்தப்பை வீங்கி, சுற்றியுள்ளவற்றோடு ஒட்டிப்போயிருந்தது. குழாய் எது என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. ஒதுக்கிப் பிடிக்க இன்னொரு கருவி தேவைப்பட்டது. "அதப் போட்டதும் தெளிவாத் தெரிஞ்சது. தெரியலன்னா அடுத்தது பெரிய கீறல்தான். கத்தி தயாரா இருந்தது."

கட்டிலிலிருந்து குழறிய குரல் வந்தது. "விடுடி. இறங்கிப் பாத்துட்டு வந்துதான் எடுத்திருக்காங்க."

"திறந்திருந்தா என்னைத் திட்டியிருப்பீங்களா?" என்று மருத்துவர் குனிந்து கேட்டார்.

"மனசுக்குள்ள. ரெண்டு நாள்."

உப்ப வைத்த காற்றின் மிச்சம் கொஞ்ச நாள் தோளில் வலித்தது. "வயித்துல கை வெச்சா தோள் ஏன் வலிக்குது? ஒரு இடத்துச் செலவ இன்னொரு இடத்துல எழுதற டிப்போ கணக்கு மாதிரி இருக்கே" என்று முனகினார். மறுநாளே நடந்தார். கனமான எதையும் தூக்கவில்லை. பக்கெட்டை எடுக்கப் போனால் பெரியப்பா எங்கிருந்தோ ஓடிவந்து பிடுங்கினார். காயம் முழுதும் ஆறியதைப் பார்த்து மருத்துவர் அனுமதி எழுதித் தந்தபோது தேர்வு அடுத்த வாரம் இருந்தது.

தேர்வன்று டிப்போ மைதானத்தில் வேலிக்கு வெளியே நாங்கள் நின்றோம். பெரியம்மா வயிற்றுத் தழும்பு உரசாமலிருக்க, இடுப்பு பெல்ட்டுக்கு அடியில் ஒரு துண்டை மடித்து வைத்துக்கொண்டார். வளைவுகளெல்லாம் சுலபமாக முடிந்தன. கடைசியில் கூம்புகளுக்கு நடுவே பின்னோக்கி எடுக்க வேண்டும். மடிகிற வண்டிக்கு அதுதான் பெரிய சோதனை. முன்பெட்டி ஒரு பக்கம் திரும்பினால் பின்பெட்டி வேறு பக்கம் போகும்.

"நம்ம ரிவர்ஸுக்கு இது அல்வா சாப்பிடற மாதிரி" என்றார் வேலியோரம் ஒருவர்.

பாதி வந்ததும் வண்டி நடுவில் கோணலாக மடியத் தொடங்கியது. பின்பெட்டி ஒரு கூம்பை நோக்கிச் சாய்ந்தது. அவருக்கு முன் ஓட்டியவர்கள் எல்லாரும் இந்த இடத்தில்தான் சக்கரத்தை ஒடித்து, அவசரப்பட்டுக் கூம்பைச் சாய்த்திருந்தார்கள். பெரியம்மா நிறுத்தினார். கதவைத் திறந்து இறங்கி, நிதானமாகப் பின்னால் நடந்து போய்ப் பார்த்தார். தேர்வாளர் ஏதோ சொன்னார். பெரியம்மா தலையாட்டிவிட்டு மறுபடி ஏறி, வண்டியை முன்னால் கொண்டுபோய் நேராக்கிக்கொண்டு, திரும்பவும் பின்னோக்கி எடுத்தார்.

ஒரு கூம்பும் அசையவில்லை.

"தேர்வாளர் என்ன கேட்டார் பெரியம்மா?" என்று பிறகு கேட்டேன்.

"ஏம்மா, மறுபடி முதல்லேர்ந்தான்னு கேட்டார். ஆமாங்க, என் டாக்டரும் இப்படித்தான்னு சொன்னேன்" என்றார். துண்டை உருவிப் பெரியப்பாவின் தோளில் போட்டுவிட்டு, நீள வண்டியின் கண்ணாடியைத் துடைக்கப் போய்விட்டார்.