பெருவிரல் பக்கத்துச் சிவப்பு

எனக்குச் செடி வளர்க்கும் கைராசி கிடையாது. நான் நட்ட முருங்கைகூடப் பட்டுப்போயிருக்கிறது. ஆனால் தொண்ணூற்றேழில் எங்கள் மேனேஜர் மேல் நான் நட்ட பகை, ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றாமலே பதினோரு வருடம் தழைத்தது.

ஆம்பூருக்கு வெளியே, ஷூ ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில் அப்போது நான் பேட்டர்ன் போடுகிறவன். லாஸ்ட் என்கிற பிளாஸ்டிக் கால் அச்சின் மேல் டேப் ஒட்டி, அதில் ஷூவின் கோடுகளை வரைந்து, டேப்பை உரித்து, அட்டையில் தட்டையாகப் படியவைத்து வெட்டுவேன். அந்த அட்டையை வைத்துத்தான் கட்டிங்கில் தோலை வெட்டுவார்கள். தோலுக்கு ஒரு குணம் உண்டு. ஒரு வாக்கில் இழுத்தால் கொடுக்கும், மறு வாக்கில் கொடுக்காது. கொடுக்காத வாக்கு குதிகாலிலிருந்து விரல்நுனிக்கு ஓடும்படி வெட்ட வேண்டும். மாற்றி வெட்டினாலும் ஷூ புதிதில் மாப்பிள்ளை மாதிரிதான் இருக்கும். நாலு மாதம் போட்டால் தொளதொளத்து, விரல் மேல் சுருக்கம் விழும். அதனால் எந்த வாக்கு என்று ஒவ்வோர் அட்டையிலும் அம்புக்குறி போட்டிருப்பேன்.

அந்த வருடம் ஒரு பெரிய ஆர்டர். ஒரு தோலில் இன்னும் இரண்டு துண்டு ஜாஸ்தி விழும் என்று மேனேஜர், அட்டையைக் குறுக்கே திருப்பி வைத்து வெட்டச் சொன்னார். வாயால் சொன்னார், காகிதத்தில் எழுதவில்லை. மாதங்கள் கழித்துச் சரக்கு திரும்பி வந்தது. மீட்டிங்கில் முப்பது பேர் முன்னால் அவர் என்னைக் கை காட்டினார்.

“பேட்டர்ன் தப்பு. அவ்ளோதான் மேட்டர்.”

நான் எழுந்து அம்புக்குறியைக் காட்டியிருக்க வேண்டும். அதற்குப் பதில், வழக்கம்போல, ஒரு ஜோக் அடித்தேன்.

“பேட்டர்ன் கரெக்டுதான் சார். மாடுதான் கொஞ்சம் குறுக்கால படுத்துட்டிருக்கும்.”

எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்போடு வழக்கும் முடிந்தது. மறுநாளே என்னை லாஸ்ட் ரூமுக்கு மாற்றிவிட்டார்கள். பிளாஸ்டிக் கால்களை நம்பர் பார்த்து ரேக்கில் அடுக்குகிற வேலை. அறை நிறையக் கால்கள், ஒன்றுகூட ஓர் அடி நகராது. நானும்தான்.

எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. பேட்டர்ன் சரியாகத்தான் இருந்தது என்று அந்த முப்பது பேர் முன்னால் அவர் தன் வாயால் சொல்ல வேண்டும். என் மனைவி வேலூரில் நர்ஸ். இந்தப் புலம்பலைக் கேட்டுக் கேட்டு அவளுக்கு அலுத்துவிட்டது.

“ஏழெழுபது தரம் மன்னிக்கணும்னு சர்ச்சுல சொன்னப்போ தலையாட்டுனீங்களே?”

“தலையத்தானே ஆட்டுனேன்.”

இரண்டாயிரத்து நாலில் கம்பெனி பாதுகாப்பு ஷூ செய்ய ஆரம்பித்தது. கனமான சாமான் காலில் விழுந்தாலும் விரல் தப்பிக்க, அந்த ஷூவின் முனையில் ஓர் இரும்புத் தொப்பியை உள்ளே வைத்துத் தைப்பார்கள். இரும்புக்குப் பதிலாகக் கண்ணாடி நாரில் நெய்த துணியை அச்சின் மேல் அடுக்கடுக்காகப் படியவைத்து, பிசின் போட்டு இறுக்கினால் தொப்பியின் எடை கம்மி. அப்படிச் செய்து தர முடியுமா என்று ஜெர்மனியிலிருந்து ஒரு கம்பெனி கேட்டிருந்தது. பொறுப்பு மேனேஜர் கையில். வளைவின் மேல் துணி எப்படிப் படியும், எங்கே சுருங்கும் என்று முன்கூட்டியே படம் காட்டும் சாஃப்ட்வேர் ஒன்றையும் வாங்கிப் போட்டார்கள். அதைக் கற்றுவந்த இன்ஜினியர் மூன்றாவது மாதமே நல்ல வேலை கிடைத்துச் சென்னைக்குப் போய்விட்டார். மேனேஜர் மவுஸைப் பிடித்தால் அது மேஜையை விட்டு இறங்கி ஓடும். அவர் லாஸ்ட் ரூமுக்கு வந்து நின்றார்.

“இன்னாய்யா, நீதானே வளைவ அட்டையாக்குறவன்? வந்து கம்ப்யூட்டர் முன்னால குந்து.”

ஏழு வருடத்தில் அவர் எனக்குக் கொடுத்த முதல் பாராட்டு. பல்லைக் கடித்துக்கொண்டு குந்தினேன்.

முதல் வாரம் மானம் போயிற்று. தோல் பழக்கத்தில், தோலை அச்சில் இழுக்கும் லாஸ்டிங் குறடை எடுத்துத் துணியைக் கவ்வி இழுத்தேன். தோலாக இருந்தால் நீண்டு கொடுத்து அச்சில் உட்கார்ந்திருக்கும். இது ஓரமெல்லாம் நூல் பிரிந்து தாடி மாதிரி தொங்கியது. சோதனைக்கூடத்துக்குப் பொறுப்பாக இருந்த அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“அது நீளாதுப்பா. மாமியார் மாதிரி. இழுத்தா கிழியும், சாய்ச்சா சாயும்.”

அக்கா சொன்னதுதான் மொத்தப் பாடமும். நெய்த துணி நீளாது. ஆனால் அதன் நூல்கள் ஒன்றன் மேல் ஒன்று திரும்பும், சதுரங்கள் சாய்ந்து சாய்சதுரம் ஆகும். அப்படிச் சாய்ந்துதான் அது வளைவில் படிகிறது. ஓர் அளவுக்கு மேல் சாய இடமில்லாதபோது மடிப்பாக எழும்பிவிடும். எங்கள் துணிக்கு அந்த அளவு எவ்வளவு என்று தெரிய, நாலு ஸ்டீல் ஸ்கேலை மூலைகளில் ரிவெட் அடித்து ஒரு சட்டம் செய்தேன். துணியை அதில் கட்டி, சட்டத்தைச் சாய்த்துக்கொண்டே போனேன். நாற்பது டிகிரி தாண்டியதும் துணி முகம் சுளித்தது.

சாஃப்ட்வேரில் அந்த எண்ணை ஒரு கட்டத்தில் போட வேண்டும். பிறகு துணி முதலில் அச்சைத் தொடும் இடத்தையும், நூல் ஓடும் திசையையும் கொடுக்க வேண்டும். பட்டனைத் தட்டினால் அந்த இடத்திலிருந்து வலை விரித்தது போலத் துணி பரவும். நன்றாகப் படிந்த இடம் நீலம். மடியப் போகிற இடம் சிவப்பு. தொப்பியில் வளைவு அதிகம் உள்ள இடம் பெருவிரல் பக்கத்து மூலை. அங்கேயே தொடங்கி, நூலைக் கொஞ்சம் சாய்த்து வைத்தால், சிவப்பெல்லாம் பின் ஓரத்துக்கு ஓடிவிடும். அதை எப்படியும் வெட்டி எறியப் போகிறோம். இந்த இடத்தைக் கண்டுபிடித்த அன்று, ஏழு வருடம் கழித்து, நான் வாய்விட்டு விசிலடித்தேன்.

மேனேஜர் வந்து பார்த்தார்.

“சாய்ச்சு வெட்டுனா எவ்ளோ துணி வேஸ்ட்டு தெரியுமா? நேரா வை. பின்னாலேர்ந்து ஆரம்பி. ஒரு ரோல்ல ஜாஸ்தி விழும்.”

அதே வாய். அதே ஜாஸ்தி. அவர் சொன்னபடி போட்டுப் பார்த்தேன். பெருவிரல் பக்கத்து மூலை ரத்தக்கட்டு மாதிரி சிவந்தது.

“சிவப்பு வருது சார்.”

“சிவப்பு வராம பண்ணு. அதுக்குத்தானே உன்ன குந்த வெச்சிருக்குது.”

சிவப்பு வராமல் செய்ய ஒரு வழி இருந்தது. நாற்பது என்று இருந்த கட்டத்தில் அறுபது என்று அடித்தேன். துணி எவ்வளவு சாய்ந்தாலும் தாங்கும் என்று நம்பிய கம்ப்யூட்டர், படம் முழுக்க நீலம் பூசிக் கொடுத்தது. மேனேஜர் என் முதுகில் தட்டினார். அந்தத் தட்டு இனித்தது. ஜெர்மன்காரர்கள் முன்னால் அந்த மூலை உடையப் போகிறது, முப்பது பேரும் பார்க்கப் போகிறார்கள்!

அன்று வீட்டுக்குப் போய் மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள், நிமிரவில்லை.

“டெஸ்ட்ல உடையாம தப்பிச்சி, எவன் காலுக்காவது போய்ட்டா? விரல் நசுங்கி வர்றவங்கள நீங்க பாத்ததில்ல. நான் வார்டுல பாக்குறேன்.”

“கண்டிப்பா உடையும்.”

“உங்க முருங்கை கண்டிப்பா தழைக்கும்னு சொன்ன மாதிரியா?”

எவன் விரலையும் நசுக்க எனக்கு ஆசை இல்லை. மறுநாள் யாருக்கும் தெரியாமல் என் வழியில், சாய்த்து வெட்டி, பெருவிரல் மூலையிலிருந்து படியவைத்து, இன்னொரு தொப்பி செய்தேன். அக்காவிடம் மட்டும் காட்டினேன். அதை டிபன் பையில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

ஜெர்மனியிலிருந்து ஒரு பெண்மணி வந்தார். மேனேஜர் டை கட்டி, ஒரு டப்பா மக்கன் பேடா இனிப்போடு வரவேற்றார். சோதனைக்கூடத்தில் சூப்பர்வைசர்கள் எல்லோரும் சுவரோடு நின்றார்கள். அந்த முப்பது பேரில் இருபது பேராவது இருப்பார்கள். மேனேஜர் நீலப் படத்தைத் தூக்கிப் பிடித்து, ஒரு சுருக்கம்கூடக் கிடையாது என்று இங்கிலீஷில் அடித்துவிட்டார்.

சோதனை எளிது. தொப்பிக்கு அடியில், விரலுக்குப் பதிலாக, களிமண்ணை உருட்டி நிறுத்துவார்கள். மேலிருந்து ஓர் இரும்புக் கட்டை விழும். களிமண் எவ்வளவு நசுங்குகிறதோ அவ்வளவு விரல் நசுங்கியது என்று கணக்கு. அக்கா நெம்புகோலை விட்டார். டமால். பெருவிரல் பக்கத்து மூலை பப்படம் மாதிரி நொறுங்கியது. களிமண் ரொட்டியாகிவிட்டது.

“போச்சு விரலு,” என்றார் அக்கா தமிழில்.

நான் உள்ளுக்குள் கிறிஸ்துமஸ் கொண்டாடினேன். இரண்டு விநாடிதான். மேனேஜர் திரும்பி என்னைக் கை காட்டினார்.

“கம்ப்யூட்டர்ல உக்காந்தது இவன்தான். பேட்டர்ன் தப்பு.”

அதே வாக்கியம். கொடுமை என்னவென்றால், இந்த முறை அது உண்மை. ஏழு வருடம் முன்னால் செய்யாத தப்புக்கு மாட்டியவன், இப்போது சொந்தச் செலவில் தப்பைச் செய்து மாட்டிக்கொண்டேன். அறுபதை அடித்தது என் விரல். எடுத்துச் சொல்லவும் முடியாது. தெரிந்தே செய்தாயா என்று கேட்டால் ஆமாம் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஜோக் எதுவும் வரவில்லை. டிபன் பையைத் திறந்து, தயிர்சாதத்துக்குப் பக்கத்தில் இருந்த தொப்பியை எடுத்து அக்காவிடம் நீட்டினேன். அக்கா எதுவும் கேட்காமல் புதுக் களிமண்ணை நிறுத்தினார். டமால். தொப்பி முனகியது, உடையவில்லை. களிமண் கிட்டத்தட்ட அப்படியே நின்றது. ஜெர்மன் பெண்மணி குனிந்து குனிந்து பார்த்தார்.

மேனேஜர் தொப்பியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அவர் முட்டாள் இல்லை, எல்லாம் விளங்கிவிட்டது. நான் கழுத்தைத் தயாராக வைத்திருந்தேன். அவரோ சிரித்தபடி அந்த அம்மாவின் பக்கம் திரும்பினார். இரண்டையும் தான்தான் செய்யச் சொன்னதாகவும், தப்பாகப் படிந்தால் எப்படி உடையும் என்று காட்டத்தான் முதலாவதை வைத்ததாகவும் விளக்கினார்.

அந்த அம்மா கை தட்டினார். சுவரோடு நின்றவர்களும் தட்டினார்கள். அடிமைப் புத்தி, நானும் தட்டினேன்.

வெளியே வராந்தாவில் மேனேஜர் என்னை நிறுத்தினார்.

“உன்ன காப்பாத்தியிருக்கேன். புரியுதா?”

“புரியுது சார். தொண்ணூத்தேழுல ஏன் காப்பாத்தல?”

அவர் டையைத் தளர்த்தினார். சுற்றிலும் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டார்.

“அந்த பேட்டர்ன் கரெக்டுதான்யா. எனக்கு அப்பவே தெரியும்.”

“அங்க உள்ள வந்து சொல்லுங்க சார்.”

“அப்போ எனக்கு வேலை வேணும். இப்போ உனக்கு வேணும். போ.”

ஏழு வருடம் காத்திருந்த வாக்கியம், கேட்க ஒரு காக்காகூட இல்லாத வராந்தாவில் முடிந்துபோயிற்று. அந்த ஜெர்மன் பெண்மணி, இரண்டு தொப்பியும் செய்தவனிடமே வேலை இருக்க வேண்டும் என்று எழுதியதால், என்னைப் பேட்டர்ன் ரூமுக்குத் திரும்ப எடுத்தார்கள். தொப்பிகளை அதற்குப் பின் சாய்த்துத்தான் வெட்டினோம். மனைவி கேட்டாள், இப்போதாவது மன்னித்தாயிற்றா என்று. யோசிக்கிறேன் என்றேன்.

நாலு வருடம் கழித்து மேனேஜர் ரிடையர் ஆனார். எங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. போகிறவருக்கு அவர் காலுக்கே அளவெடுத்து, பேட்டர்ன் ரூம் ஒரு ஜோடி ஷூ செய்து கொடுக்க வேண்டும். நான் பீரோவின் அடித்தட்டிலிருந்து தொண்ணூற்றேழின் அட்டைகளை எடுத்தேன். அம்புக்குறி மங்கியிருந்தது, ஆனால் தெரிந்தது. அவர் அளவுக்கு மாற்றி, அவருக்குப் பிடித்த பிரவுன் தோலில் நானே வெட்டினேன். வலது காலை அம்புக்குறிப்படி வெட்டினேன். இடது காலை அவர் சொன்னபடி, குறுக்கே. இரண்டும் ஒரே அட்டை, ஒரே தோல், ஒரே தையல். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் என்னைப் பெற்றவளுக்கும் வித்தியாசம் தெரியாது.

விழாவில் என்னை ஜோக் சொல்லச் சொன்னார்கள். சொன்னேன், நல்ல ஜோக்காகத்தான். அவர் மேடையிலேயே ஷூவை மாட்டிக்கொண்டு இரண்டு அடி நடந்து காட்டினார். கைத்தட்டல். இந்த முறை நான் மனசாரத் தட்டினேன்.

ஐந்தாவது மாதம் வீட்டுக்குப் போன் வந்தது.

“யோவ், நீ குடுத்த ஷூல இடது காலு மட்டும் லொடலொடன்னு ஆய்டுச்சி. விரலு மேல ஒரே சுருக்கம். வலது அப்படியே கல்லு மாதிரி இருக்குது. பேட்டர்ன்ல எதனா தப்பா?”

“ஒரே பேட்டர்ன்தான் சார் ரெண்டுக்கும். தொண்ணூத்தேழு பேட்டர்ன். வலது நான் அம்பு போட்ட மாதிரி. இடது நீங்க வெட்டச் சொன்ன மாதிரி.”

 போனில் அவருக்குப் பின்னாலிருந்து அவருடைய மனைவியின் குரல் கேட்டது.

“இன்னாவாம்? யாரு மேல தப்பாம்?”

நான் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டேன். அவர் தொண்டையைச் செருமினார்.

“என் மேலதான்.”

“உங்க மேலயா? நீங்களா தெச்சீங்க? கேக்குறேன் இல்ல, சொல்லுங்க.”

“பேட்டர்ன் கரெக்டும்மா. நான்தான் மாத்தி வெட்டச் சொன்னேன். போதுமா?”

முப்பது பேர் கேட்டேன், ஒரு வீட்டம்மா கிடைத்தார். பரவாயில்லை, அந்த ஒருவர் அவரை நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருக்கக்கூடியவர் என்று குரலிலேயே தெரிந்தது.

“சரிய்யா,” என்றார் மேனேஜர், குரல் இறங்கி. “அந்த இடது காலு ஒண்ணு மட்டும் சரியா வெட்டிக் குடேன்.”

“குடுக்கிறேன் சார்,” என்றேன்.

பிரவுன் தோல்கூட எடுத்து வைத்திருக்கிறேன். இன்னும் வெட்டவில்லை.