நான்கு தலைமுறைச் சுமையும் ஒரு கொசுக்கடியும்

ஒரு தமிழ் நாளிதழின் ஞாயிறு பதிப்பில் என்னுடைய கட்டுரை இரண்டு முறை வந்திருக்கிறது. அதை வைத்து, கலையைப் பற்றி எனக்குத் தெரியும் என்று நானே முடிவு செய்துகொண்டிருந்தேன். மலேசியாவில், செனாய் என்ற ஊரில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் கணக்குப் பார்க்கிறவனுக்கு இப்படி ஏதாவது ஒரு நம்பிக்கை தேவைப்படுகிறது.

ஜொகூர் பாருவின் பழைய கடைவீதியில், ஒரு காப்பிக்கடையின் மேல்மாடியில் சிறிய ஓவியக்கூடம் இருக்கிறது. அங்கே சனிக்கிழமை வகுப்பு நடக்கிறது என்று கைப்பேசியில் பார்த்துவிட்டு, இருவர் பெயரையும் மனைவிதான் பதிந்தாள். ஓர் ஓவியத்தை எடுத்துக்கொண்டு முதலில் அதைப் பற்றி எழுத வேண்டும், பிறகு அதைப் பார்த்து வரைய வேண்டும், பிறகு மறுபடியும் எழுத வேண்டும். அவ்வளவுதான் பாடம்.

"வரையறதெல்லாம் எனக்கு வராதுலா" என்றேன்.

"எழுதறது மட்டும் வந்துருச்சாக்கும்" என்றாள்.

ஆசிரியை ஒரு மலாய்ப் பெண்மணி. எங்களுக்கென்று அவர் எடுத்துவைத்திருந்த ஓவியத்தில், செம்பனைத் தோட்டத்தின் ஓரமாக ஒரு பலகை வீடு. அதன் படிக்கட்டில், கைலி கட்டிய ஒரு பெண் முகம் தெரியாதபடி நன்றாகக் குனிந்து உட்கார்ந்திருக்கிறாள். மாலை வெளிச்சம். அதைப் பார்த்ததுமே எனக்கு உடம்பு சிலிர்த்தது. இது தோட்டத்தில் உழைத்த நம்மவர்களின் படம்! அந்த முதுகு நம் முதுகு!

மற்றவர்கள் பென்சிலைக் கடித்துக்கொண்டு ஓவியத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் தாளைவிட்டுத் தலை தூக்கவில்லை. 'நான்கு தலைமுறைகளின் சுமை இந்த முதுகை வளைத்திருக்கிறது. முகத்தை மறைத்ததன்மூலம் ஓவியர் ஒரு சமூகத்தின் மௌனத்தைத் தீட்டியிருக்கிறார்' என்று என் தொழிற்சாலை மலாயில் எழுதி முடித்தபோது எனக்கே கண் கலங்கியது. இன்னொரு தாள் கேட்டு வாங்கினேன்.

பிறகு வரையச் சொன்னார்கள். தலையில் ஆரம்பித்தேன். அது பூசணிக்காய் அளவுக்குப் போய்விட்டது. முதுகு எப்படியோ வந்தது. ஆனால் கைகளைக் காணோம். ஒரு கை முழங்கால் மேல் இருக்கிறது, இன்னொன்று எங்கே? நாற்காலியைவிட்டு எழுந்து கிட்டப் போய்ப் பார்த்தேன்.

அந்தக் கை, கைலி ஓரமாகக் கீழே இறங்கிக் கணுக்காலுக்குப் போயிருந்தது. விரல்கள் மடங்கியிருந்தன. ஒரு செருப்பு கழன்று கிடந்தது. கணுக்காலில், சாயம் சிந்திய இடம் என்று நான் நினைத்திருந்த சிவப்புப் புள்ளி, கொஞ்சம் வீங்கினாற்போல் கவனமாகத் தீட்டப்பட்டிருந்தது.

அவள் கால் சொறிந்துகொண்டிருந்தாள்.

திரும்பி வந்து அந்தக் கையையும் வரைந்து முடித்தபோது ஆசிரியை, "முதல்ல எழுதினதை ஒவ்வொருத்தரா வாசிங்க" என்றார். என்னைத்தான் முதலில் கூப்பிட்டார். வாசித்தேன். 'நான்கு தலைமுறை' வருவதற்குள் என் குரல் எனக்கே கேட்கவில்லை. பக்கத்து மேசையிலிருந்த சீன அங்கிள், ஓய்வு பெற்ற பல் மருத்துவர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "ரொம்ப ஆழம்" என்று மலாயில் சொன்னார். அதோடு விட்டிருக்கலாம். அதற்குள் மனைவி எட்டி என் படத்தைப் பார்த்துவிட்டாள்.

"அலமாக்! இவங்க காலைச் சொறியறாங்கதானே?"

என்ன சொன்னாள் என்று எல்லாரும் கேட்டார்கள். பெருந்தன்மையோடு மலாயில் மொழிபெயர்த்தாள். அங்கிள் எழுந்து ஓவியத்தின் அருகே போய்ச் சில நொடிகள் மூக்கை வைத்துப் பார்த்துவிட்டு, "கொசு!" என்று அறிவித்தார். மாடியே சிரித்தது. அவ்வளவு ஆழத்திலிருந்து அவர் இவ்வளவு சீக்கிரம் மேலே வந்ததுதான் எனக்கு வருத்தம்.

ஆசிரியை மட்டும் சிரிக்காமல் கேட்டார். "முதல்ல எழுதினப்போ எதைப் பார்த்துக்கிட்டு எழுதினீங்க?"

"தாளைத்தான்" என்றேன். இதற்கு அவரும் சிரித்துவிட்டார்.

மூன்றாவது சுற்று. விட்டதைப் பிடிக்க எனக்கு இன்னொரு வாய்ப்பு. 'வரலாற்றின் தீராத அரிப்பு' என்று தொடங்கினேன். பக்கத்திலிருந்து மனைவி கனைத்தாள். அடித்துவிட்டு, ஒரு பெண் படியில் உட்கார்ந்து கொசுக்கடியைச் சொறிகிறாள் என்று எழுதினேன். அடுத்து என்ன எழுதுவது என்று தெரியவில்லை. வேறு வழியில்லாமல் ஓவியத்தைப் பார்த்தேன். கழுத்தில் முடி ஒட்டியிருந்தது, இப்போதுதான் குளித்திருக்கிறாள் போல. பின்னால் கதவு பாதி திறந்திருந்தது. அதையும் எழுதினேன். நான் எழுதியவற்றில் ஆச்சரியக்குறி இல்லாத முதல் பக்கம் அதுவாகத்தான் இருக்கும்.

கூலாயிலுள்ள வீட்டுக்குத் திரும்பும்போது மனைவி சொன்னாள், "அவங்க யாருக்காகவோ காத்துக்கிட்டு இருக்காங்க. இல்லாட்டி கொசு கடிக்கிற நேரத்துல யார் வெளிய உக்காருவாங்க?"

"இப்ப நீதான் கதை கட்டற."

"நான் பார்த்துட்டுக் கட்டறேன்."

யாருக்காக என்பதில் நெடுஞ்சாலை முழுக்கச் சண்டை. சிங்கப்பூரில் வேலை செய்யும் மகனுக்காக என்றேன் நான். மீ கோரேங் நூடுல்ஸ் வாங்கப் போன புருஷனுக்காக என்றாள் அவள். அந்தப் பேச்சு வந்ததும் இருவருக்கும் பசித்தது. கூலாயில் ஒரு கடை முன்னால் வண்டியை நிறுத்தி, முட்டை போட்டு இரண்டு தட்டு மீ கோரேங் சொன்னோம்.