"நன்று" என்று நான் எழுதிய கம்பி

அன்று அந்தக் கம்பியை நான் உண்மையிலேயே பார்த்தேனா, தலையை மட்டும் நிமிர்த்தினேனா? இன்றும் என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

தூத்துக்குடியில் உயரழுத்த மின்பாதைப் பிரிவில் உதவிப் பொறியாளராக இருக்கிறேன். பெரிய மின்கோபுரங்களின் உச்சியில், மின்சாரம் போகும் கம்பிகளுக்கும் மேலே, தனியாக ஒரு கம்பி ஓடும். எர்த் கம்பி என்போம். மின்னல் விழுந்தால் முதலில் தான் வாங்கித் தரைக்கு இறக்கிவிட வேண்டும், அதுதான் அதன் வேலை. எஃகு இழைகளை முறுக்கி, துத்தநாகம் பூசியது. கடலை விட்டுத் தள்ளியிருக்கும் ஊர்களில் பல காலம் தாங்கும் அந்தப் பூச்சு, உப்பளங்களின் மேல் போகும் இடத்தில் சீக்கிரமே உரிந்துவிடும். பிறகு துரு, பிறகு இழைகள் ஒவ்வொன்றாக அறும்.

அங்கே லைனுக்கு மேற்கே முழுக்கத் தண்ணீர் நிற்கும் பாத்திகள். கிழக்கே மட்டும்தான் நடக்க வழி. அதனால் காலையில்தான் போவோம். சூரியன் முதுகுப் பக்கம் இருந்தால்தான் பைனாக்குலரில் துருவின் நிறம் தெரியும்.

மழைக்காலத்துக்கு முந்தைய சோதனை அது. பிரசவ விடுப்பு முடிந்து நான் வேலைக்குத் திரும்பிய மாதம். எட்டு மாத மகளுக்கு அன்று காலை காய்ச்சல். அவளைக் கணவரிடம் விட்டுப் புறப்படவே மதியம் தாண்டிவிட்டது. ஆறு மணிக்கு அவர் துறைமுகத்தில் ஷிப்டுக்குப் போக வேண்டும். அதற்குள் நான் வீடு சேர வேண்டும்.

உடன் வந்த லைன் இன்ஸ்பெக்டர் ஓய்வுபெறச் சில மாதங்களே இருந்தன. பிரிவில் எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி.

"மேடம், வெயிலு கண்ணுல குத்துது. ஒரு எழவும் தெரியல. நாளைக்கு வெள்ளென வருவோம்."

"ரிப்போர்ட் இன்னைக்கே போகணும் அண்ணாச்சி."

"அதுக்கு என்ன காலா இருக்கு, ஓடிப்போக? ஒருநா பொறுக்கட்டும்."

பைனாக்குலரை உயர்த்தினேன். எதிர்வெயிலில் எல்லாக் கம்பியும் கறுப்புக் கோடுகள். பால் கட்டி என் சட்டை நனையத் தொடங்கியிருந்தது. அவர் பார்த்துவிடக் கூடாதே என்று திரும்பி நின்றுகொண்டேன். போன வருடம் என்ன எழுதியிருந்தது என்று கேட்டேன். "நன்றுன்னுதான்" என்றார். நானும் அதையே எழுதினேன். அவர் என் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

முதல் இடிமழையிலேயே அந்த எர்த் கம்பி அறுந்தது. மின்கம்பிமேல் விழுந்து லைன் நின்றுபோனது. அறுந்த முனை உப்பு அம்பாரத்தின் மேல் கிடந்தது. மழைக்கு அம்பாரத்தை மூடிவிட்டு, உப்பு வாரும் பெண்கள் கொட்டகைக்குள் ஓடி அதிக நேரம் ஆகியிருக்கவில்லை.

மறுநாள் அந்த முனையைக் கையில் எடுத்தேன். ஏழு இழைகளில் மூன்றின் அறுந்த வாய் புதிதாகப் பளபளத்தது. மற்ற நான்கும் உள்வரை பழுப்பு. அவை முன்பே அறுந்து காற்றில் பிரிந்து நின்றிருக்க வேண்டும். ஒரு காலை வெயிலில் தெரிந்திருக்கும்.

உப்பு வாரும் அம்மா ஒருவர் அருகில் வந்தார். "ஏம்மா, அன்னைக்குக் கண்ணாடி வச்சு மேல பாத்துட்டுப் போனது நீங்கதான? என்னத்தப் பாத்தீய, கொக்கையா?"

மற்ற பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது.

விசாரணையில் மேலதிகாரி என்னிடம்தான் கேட்டார். நான் வாய் திறக்குமுன் அண்ணாச்சி சொன்னார்: "நாந்தான் சார் நல்லாருக்குன்னு சொன்னேன். மேடம் என்னைய நம்பி எழுதிட்டாவ."

நான் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மெமோ அவருக்குப் போனது.

வெளியே வந்து அழுதேன். "சும்மா இரிங்க மேடம். பச்சப்புள்ளக்காரி, ஒங்களுக்கு சர்வீஸ் முழுசும் கெடக்கு. இப்ப வாயத் தொறந்தீயன்னா நான் பொய் சொன்னதும்லா வெளிய வரும்?" என்றார்.

அவர் சொன்னது சரியா, அல்லது எனக்கு வசதியாக இருப்பதால் சரியென்று படுகிறதா? கணவர் பேசாமல் இருக்கச் சொல்கிறார். மூன்று முறை கடிதம் எழுதிக் கிழித்துவிட்டேன். உண்மையை எழுதினால் விசாரணையில் பொய் சொன்னதாக அவர்மேல் இன்னொரு குற்றம் சேரும். எழுதாவிட்டால், காலையில் வரலாம் என்று சொன்ன மனிதர் கடமையைச் செய்யாதவர் என்ற பெயரோடு வீட்டுக்குப் போவார்.

அவருக்கான தண்டனை உத்தரவு இன்னும் வரவில்லை. அலுவலக விசாரணைகளைப் பார்த்தவர்கள் யாராவது இதைப் படித்தால் சொல்லுங்கள்: அவரை மேலும் மாட்டிவிடாமல், என் தவறை நான் ஒப்புக்கொள்ள வழி இருக்கிறதா? கடிதத்தின் முதல் வரியை எப்படித் தொடங்குவது?