விமானத்தின் வயிற்றுக்கு என்ன நிறம்

சொந்தமாக ஒரு விமானம் கட்டுகிறேன் என்று சொன்னபோது லண்டன் மோர்டனில் யாரும் நம்பவில்லை. கட்டி முடித்த பிறகும் நம்பவில்லை. "மாடல் பிளேனோ?" என்று கேட்பார்கள். "ஓம், கொஞ்சம் பெரிய மாடல். உள்ளுக்குள்ள ரெண்டு பேர் இருக்கலாம்" என்று சொல்லிப் பழகிவிட்டேன்.

பெட்டி பெட்டியாக வந்த அலுமினியத் தகடுகளை வீட்டுக் கராஜில் வைத்து வருடக்கணக்காக ஒன்றோடொன்று பொருத்திப் பூட்டினேன். உடலையும் இரண்டு பக்கச் செட்டைகளையும் லொறியில் ஏற்றி, நகரத்துக்கு வெளியே புல் ஓடுபாதை உள்ள ஒரு சின்னத் திடலுக்குக் கொண்டுபோனேன். பரிசோதகர் வந்தார், தட்டிப் பார்த்தார், முகத்தைச் சுளித்தார், கடைசியில் கையெழுத்துப் போட்டார். சோதனைப் பறப்புகளும் முடிந்தன. பக்கத்தில் ஒருவரை ஏற்றலாம் என்ற அனுமதியும் வந்துவிட்டது. மிச்சம் பெயின்ற் மட்டுந்தான்.

பக்கத்துச் சீற் என் மனைவிக்கு. அவளுடைய உயரத்துக்கு அளந்துதான் அதைப் பூட்டியிருந்தேன். கட்டுகிற காலமெல்லாம் அவள் கராஜ் வாசலில் நின்று, "முதல்ல பறக்கட்டும், பாப்பம்" என்றாள். பறந்தது. "நிறம் அடியுங்கோ, அதுக்குப் பிறகு ஏறுறன். தகரப்பேணிக்குள்ள ஏறமாட்டன்" என்றாள். அவள் ஏறாவிட்டால் அந்த விமானத்தில் பாதி வீண் என்று எனக்குத் தெரியும். நல்லகாலம், இனி இருப்பது நிறந்தானே, அதைவிட இலகுவான வேலை உண்டா என்று நினைத்தேன். அப்படி நினைக்கிற ஆள்தான் நான்.

என்ன நிறம் என்பதில் எனக்கு ஒரு குழப்பமும் இருக்கவில்லை. இரண்டாம் உலகப்போர்க் காலத்துச் சண்டை விமானம் மாதிரி: மேலே பச்சையும் மண்ணிறமும் அலை அலையாக, கீழே வெளிறிய வான நீலம். இந்த நாட்டில் வார இறுதிகளில் இப்படி வேஷம் கட்டிய குட்டி விமானங்கள் நிறையப் பறக்கும். என்னுடைய எஞ்சின் சின்னது. வேகத்தைக் கூட்ட முடியாதவன் தோற்றத்தையாவது கூட்டிக்கொள்ள வேண்டாமா?

நிறம் அடிக்கப் போவது என் மைத்துனன், மனைவியின் தம்பி. பாரிஸில் கார்களுக்குப் பெயின்ற் தெளித்துப் பழகி, பிறகு லண்டனுக்கு வந்து பிளேஸ்டோவில் சொந்தமாக வேலைத்தலம் போட்டவன். நான் கீறிக்கொண்டுபோன படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"அத்தான், மேல ஓகே. கீழ எதுக்கு இவ்வளவு மினக்கெடுறியள்? காருக்குக் கீழ ஆர் குனிஞ்சு பாக்கிறது?"

"இது கார் இல்லையடா. இதில எல்லாரும் வயித்தைத்தான் பாப்பினம்" என்றேன். பெரிய ஞானம் சொன்னதாக நினைப்பு. என் தலையில் விழப்போவதும் அந்த வசனந்தான் என்று அப்போது தெரியாது.

அன்று பின்னேரம் மனைவி ஷிப்ட் முடித்து வந்து கோட்டுப் பொத்தானைக் கழற்றிக்கொண்டிருந்தாள். நான் சாப்பாட்டு மேசையில் படத்தை விரித்தேன்.

"இஞ்சரும், இதை ஒருக்காப் பாரும். மேல பச்சையும் மண்ணிறமும். உயர இருந்து பாக்கிறவனுக்கு வயல் மாதிரித் தெரியும். கீழ நீலம். கீழ நிக்கிறவனுக்கு வானம் மாதிரித் தெரியும். பிளேன் வாறதே தெரியாது. அதிலதான் இந்த நிறத்தின்ர கெட்டித்தனம் இருக்கு."

பொத்தானில் கை நின்றது.

"கீழ நிக்கிறவன் எண்டு ஆரைச் சொல்லுறியள்?"

"சும்மா... எதிரி."

"கீழ நிண்டது நாங்கள்தானேயப்பா."

சிரித்துச் சமாளிக்கப் பார்த்தேன். "சீ, இது பொம்மர் இல்லை" என்று வாயில் வந்துவிட்டது. அந்தச் சொல்லை நான் சொல்லியிருக்கக் கூடாது. குண்டு போட வரும் விமானத்துக்கு நாங்கள் போருக்குள் வளர்ந்த யாழ்ப்பாணத்தில் பொம்மர் என்று பெயர். அதிலும் கடகடவென்று ஆறுதலாக வந்து போடுகிறதற்குச் சகடை என்று தனிப்பெயர். பங்கர்க் குழிக்குள் ஓடி ஒளிகிற அவசரத்திலும் பட்டப்பெயர் வைக்க மறக்காத சனம் நாங்கள்.

"பொம்மர் இல்லையெண்டால் ஏன் அதுக்குப் பொம்மரின்ர உடுப்புப் போடுறியள்?" என்றாள். "அந்த நிறத்தில நான் ஏறமாட்டன். நீங்கள் தனியப் பறவுங்கோ."

எனக்குக் கோபம் வந்தது. வரலாறு வேறு, கலை வேறு என்று குசினிவரை பின்னால் போய் விளக்கினேன். அவள் சோற்றைப் போட்டு, கறிச்சட்டியை என் பக்கம் தள்ளினாள். அடுத்தநாள் மைத்துனனுக்குப் போன் எடுத்து, "உன்ர அக்கா இன்னும் பங்கருக்குள்ளதான் இருக்கிறா. என்னைப் பார், எனக்கு அப்பிடி ஒண்டும் இல்லை" என்றேன். பயமில்லாதவன் பயமில்லை என்று போன் எடுத்துச் சொல்லமாட்டான் என்பது இப்போது விளங்குகிறது.

அந்தச் சனிக்கிழமை விமானத்தை அளந்துபார்க்க மைத்துனன் திடலுக்கு வந்தான். பறப்பவர்கள் கூடும் குடிலுக்கு வெளியே, மர மேசையில் எல்லோரும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். நான் என் நிறத்தின் பெருமையை திடலில் பழக்கமான ஒரு கிழவரிடம் அளந்துகொண்டிருந்தேன். அவர் வெள்ளைக்காரர், பக்கத்துக் கொட்டகையில் பழைய விமானம் ஒன்று வைத்திருப்பவர், எதையும் பொறுமையாகக் கேட்பவர்.

அப்போதுதான் வேறொரு திடலிலிருந்து விருந்தாளி ஒருவர் தன் விமானத்தில் வந்தார். வேலிப் பக்கமிருந்து தாழ்வாக, குடிலுக்கு மேலாகவே வந்தார். மேலே பச்சையும் மண்ணிறமும், கீழே வான நீலம். நான் தேர்ந்தெடுத்த அதே நிறம். அதன் கெட்டித்தனம் பற்றி நான் சொன்னதெல்லாம் முழு உண்மை: தலைக்கு மேல் வரும்வரை வயிறு கண்ணில் படவே இல்லை, சத்தந்தான் முதலில் வந்தது.

அடுத்து எனக்கு நினைவிருப்பது புல்லின் மணம். மேசைக்குக் கீழே குப்புறக் கிடந்தேன். காது இரண்டையும் பொத்தியிருந்தேன். வாய் திறந்திருந்தது. நெஞ்சு நிலத்தில் முட்டாமல் முழங்கையில் ஊன்றியிருந்தேன். பொம்மர் வந்தால் இப்படித்தான் கிடக்கவேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் பழக்கினார்கள்; அங்கே பழகியவற்றில் இன்றுவரை பிழையில்லாமல் எனக்குச் செய்ய வருவது அது ஒன்றுதான்.

மேசைக்குக் கீழே கிழவரின் முகம் தெரிந்தது. எதையாவது விழுத்திவிட்டாயா என்று ஆங்கிலத்தில் அன்பாகக் கேட்டார்.

"ஓம், ஒரு போல்ற்" என்றேன்.

விமானத் திடலில் சொல்லக்கூடிய பொய்களில் இதைவிட மோசமானது இல்லை. ஒரு போல்ற் புல்லில் கிடந்தால் யாருடைய விமானத்தின் சுழலும் பங்காவிலாவது அடிபட்டு அதை உடைத்துவிடும். அதனால் அங்கிருந்த அத்தனைபேரும் கோப்பையை வைத்துவிட்டு முழங்காலில் இறங்கினார்கள். சற்றுமுன் தரையிறங்கிய விருந்தாளியும் ஓடிவந்து, தன்னைக் கண்டுதான் நான் விழுந்தேன் என்று தெரியாமல், என் பக்கத்திலேயே புல்லைக் கிளறினார். இல்லாத போல்ற்றை எவ்வளவு நேரம் தேடுவது? கடைசியில் என் காற்சட்டைப் பைக்குள் கைவிட்டு, அகப்பட்ட ஒன்றை மெல்லப் புல்லில் விட்டு, "கிடைச்சிட்டுது!" என்று கத்தினேன். கிழவர் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். இது விமானத்துப் போல்ற் இல்லையே, அலுமாரிப் போல்ற் போல இருக்கிறதே என்றார். உண்மைதான். வீட்டில் நான் அரைகுறையாக விட்டிருந்த சப்பாத்துத் தட்டின் போல்ற் அது.

எல்லோரும் எழும்பிப் போன பிறகு மைத்துனன் மட்டும் முழங்காலிலேயே இருந்தான்.

"அத்தான், பங்கருக்குள்ள அக்கா மட்டும் இல்லைப் போல."

"அக்காவிட்டச் சொல்லிப்போடாதை."

"சீ, நான் ஏன் சொல்லுறன்" என்றான். நான் வீட்டுக் கதவைத் திறப்பதற்குள் அவளுக்குத் தெரிந்திருந்தது. சிரிக்கப் போகிறாள் என்று தயாராக நின்றேன். அவள் சிரிக்கவில்லை.

"முழங்கை நோகுதே?" என்று மட்டும் கேட்டாள்.

அப்படிப் படுத்துப் பழகாத வேறு யாரென்றாலும் முழங்காலைத்தான் கேட்டிருப்பார்கள்.

பட்டாள நிறத்தை விட்டுவிடுவதா? அவ்வளவு சுலபமாக நான் விடுகிற ஆள் இல்லை. திரும்பவும் பழைய படங்களைக் கிண்டினேன். சண்டை விமானங்களை விட்டு, விமானம் ஓட்டப் பழகுகிறவர்களுக்காக அதே காலத்தில் வைத்திருந்தவற்றைப் பார்த்தேன். மேலே அதே பச்சையும் மண்ணிறமுந்தான். ஆனால் வயிறு மஞ்சள், கண்ணைக் குத்துகிற மஞ்சள். பழகுகிறவன் வருகிறான், எல்லோரும் பார்த்து விலகுங்கள் என்பதற்காக அடித்த நிறம். கீழே நிற்கிறவனுக்குத் தெரியவேண்டும் என்று நினைத்த ஒரு பட்டாளத்து நிறமும் உலகத்தில் இருந்திருக்கிறது.

படத்தை மனைவியின் முன்னால் வைத்தேன். இந்தமுறை பிரசங்கம் செய்யவில்லை.

"இதுவும் பட்டாளம்தானே?"

"ஓம், பட்டாளந்தான். ஆனா ஆரையும் சுடுறதில்லை. பழகுற பிளேன்."

"கீழ நிக்கிற சனத்துக்குத் தெரியுமோ?"

"தூரத்திலயே தெரியும்."

படத்தைத் தன் பக்கம் இழுத்தாள். "அடியுங்கோ. ஆனா முதல்ல நான் கீழ நிண்டு பாப்பன். அதுக்குப் பிறகுதான் ஏறுறதோ இல்லையோ எண்டு சொல்லுவன்."

மைத்துனன் அடித்தான். வயிற்றுக்குக் கீழே பலகையில் மல்லாந்து படுத்து, கார்களுக்கு ஒருநாளும் செய்யாத கவனத்தோடு அடித்தான். எழும்பி வந்து தள்ளிநின்று பார்த்து, "மேல காய், கீழ பழம். அத்தான், கறுத்தக்கொழும்பான் மாம்பழம் ஒண்டைப் பறக்க விடுறியள்" என்றான்.

வெயில் இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளைத் திடலுக்குக் கூட்டிப்போனேன். சிவப்புக் கோட்டோடு குடிலுக்கு முன்னால் புல்லில் நின்றாள். நான் தனியே மேலே ஏறி, சுற்றிவந்து, வேலிப் பக்கமிருந்து வந்தேன். நிறைய உயரம் விட்டுத்தான் வந்தேன். செட்டையைச் சரித்துக் கீழே பார்த்தேன். ஓடுகிறாளா, குனிகிறாளா என்று பார்க்கிற பயத்தில் விமானத்தையும் கொஞ்சம் ஓட்டவேண்டும் என்பதே மறந்துவிட்டது. சிவப்புக் கோட்டு அசையவில்லை. கையை நெற்றியில் வைத்து, என் பின்னால் தலையை மட்டும் மெல்லத் திருப்பிக்கொண்டிருந்தது.

இறங்கி எஞ்சினை நிறுத்தினேன். நடந்து வந்தாள்.

"தெரிஞ்சுதோ?"

"அந்த மரங்களுக்கு அங்காலயே தெரிஞ்சது. சத்தம் மட்டும் அசல் சகடை" என்றவள், செட்டையைத் தட்டிப்பார்த்தாள். "எங்க கால் வைக்கிறது?"

அவளை ஏற்றும்போது சொல்லவேண்டியதையெல்லாம் கராஜில் வெற்றுச் சீற்றைப் பார்த்து எத்தனையோ முறை சொல்லிப் பழகியிருந்தேன். அதில் ஒன்றுக்கும் அவள் இடம் வைக்கவில்லை. அவளே ஏறினாள், அவளே பெல்ற்றை இழுத்துப் பூட்டினாள், அவளே கதவையும் சாத்தினாள். நான் என் பெல்ற்றைப் பூட்டிக் கழற்றித் திரும்பவும் பூட்டினேன்.

"என்னப்பா, போவமே?"

"கொஞ்சம் பொறும். ஒரு போல்ற்றைப் பாக்கவேணும்."

"எது, சப்பாத்துத் தட்டின்ரயோ?" என்றாள்.

எஞ்சினைப் போட்டேன்.