நான் இஞ்சைதான் பிறந்தனான்

போன கிழமை கர்க்லாண்ட் பக்கம் ஒரு மருந்துக்கடையில் யாரோ தசைவலித் தைலத்தை மோந்துவிட்டு மூடாமல் வைத்துப் போயிருந்தார்கள். நெடி ஏறியதும் எமில் ஞாபகம்; ரெஸ்லிங்குக்கு முன் உடம்பெல்லாம் அதைத்தான் பூசுவான். (என் மூக்கின் ஞாபகசக்தி மூளைக்கு இருந்திருந்தால் கணிதத்தில் தப்பியிருப்பேன்.)

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. படிப்புக்கிடையே மொன்றியலின் டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றினேன். எமில் வேலையில் என் சோடி. ஹெயிட்டிப் பெற்றோர், பிறந்தது மொன்றியல். ஞாயிறு பின்னேரங்களில் ஒரு தேவாலயத்தின் நிலவறை மண்டபத்தில் ரெஸ்லிங் செய்வான். யார் வெல்வது, யாருக்கு என்ன வேடம் எல்லாம் முதலாளி முடிவு. வெள்ளைப் பெடியன்களுக்கு வீரன், பொலிஸ், மாலுமி. எமிலுக்குக் 'காட்டு மனிதன்': கழுத்தில் சங்கிலி, வெறுங்கால். குளிர்காலம் முழுக்க அப்படி ஆடினால் வசந்தத்தில் சொந்தப் பெயரில் சாம்பியன் போட்டி என்று வாக்கு. அதற்காகவே பொறுத்துக்கொண்டான்.

காட்டு மனிதன் புரியாத பாஷையில் கத்தவேண்டும் என்றார் முதலாளி. எமிலுக்குத் தெரிந்தவை பிரெஞ்சு, ஆங்கிலம், வீட்டில் பேசும் ஹெயிட்டிக் கிரெயோல். மொன்றியலில் மூன்றுமே யாருக்காவது விளங்கிவிடுமே!

"உன்ரை பாஷையிலை ஒரு வசனம் தா," என்று பிரெஞ்சில் கேட்டான்.

"என்ன வசனம்?"

"நான் இங்கேதான் பிறந்தேன் எண்டு."

பெட்டிகளுக்கு நடுவே பாடம் நடந்தது. அவனுடைய 'ற'வுக்காக மட்டும் இரண்டு மூன்று விமானங்கள் தாமதமாகியிருக்கும். குருவான எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. சித்தி மகன் சுதனையும் கூட்டிக்கொண்டு மண்டபத்துக்குப் போனேன்.

எமில் சங்கிலியோடு வந்து ஒலிவாங்கியில் உறுமினான்: "நான் இஞ்சைதான் பிறந்தனான்!"

சுதன் விழுந்து விழுந்து சிரித்தான். "டேய், உவன் யாழ்ப்பாணமோடா?"

பிறகு சுற்றிப் பார்த்தான். முன்வரிசை எழுந்து குரங்குச் சத்தம் போட்டது. பிள்ளையைத் தோளில் வைத்திருந்த ஒரு தகப்பன், "காட்டுக்குப் போ!" என்று பிரெஞ்சில் கத்தினார். பிள்ளையும் கத்தியது.

"இனித் தமிழிலை கதையாதை," என்றான் சுதன், மெல்ல. "வா, போவம்."

அவன் அதற்குப் பிறகு வரவில்லை. நான் போனேன்; போகாவிட்டால் திரைக்குப் பின்னால் எமில் என்னைத் தேடுவான். சில வாரங்களில் சனத்துக்கு வசனம் பாடமாகிவிட்டது. எமில் வரமுன்னரே கதிரைகளைத் தட்டித் தட்டி, "நானிஞ்சே தாம்பிறந்தனா!" அத்தனை பேரும் என் தமிழில், தாங்கள் இங்கேதான் பிறந்ததாக அவனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

வசந்தம் வந்தது. "சனம் இதைத்தானே கேக்குது? சங்கிலி கழுத்திலையே கிடக்கட்டும்," என்றார் முதலாளி.

அடுத்த ஞாயிறு எமில் வரவில்லை. திரைக்கு வெளியே கதிரைகள் அதிர்ந்தன. முதலாளி என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார்.

"உன்ரை பாஷைதானே அது? சப்பாத்தைக் கழட்டு."

குளிரங்கியை அங்கேயே விட்டு, சமையலறைக் கதவால் வெளியே ஓடினேன்.

எமில் டோர்வலுக்கும் திரும்பவில்லை. அந்தக் குழு கலைந்துவிட்டது. மண்டபத்தை இடித்து வீடுகள் கட்டிவிட்டார்கள். எமில் என்ற பெயர் அங்கே ஒருநாளும் அறிவிக்கப்படவில்லை. கத்திய சனம் மட்டும் எங்கேயும் போயிருக்காது. மெட்ரோவில் எதிரே இருப்பவர்களில், அந்த வசனம் இன்னும் பாடமாயிருப்பவர் யாரென்று பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.