யெஸ்லம் தொடமாட்டேன் என்ற டயர்

ஆற்றங்கரை ஊரான ரோஸ்ஸோவுக்குப் போகும் சாலையில் பஞ்சர் ஒட்டும் யெஸ்லமைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால் என்னால் முடியாது. எதிர்ப்பக்கம் ரொட்டியும் தேநீரும் விற்கிறவன் நான். அவன் பேச்சைத் தினமும் கேட்டுத் தொலைக்கிறவன். வேலையில் கெட்டிக்காரன்தான், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் நாக்கு நுனியில் எப்போதும் தலாக் இருக்கும். ஆட்டு வியாபாரம் படியவில்லையா? "இந்த விலைக்குக் குடுத்தா எம்பொண்டாட்டிக்கு முத்தலாக்!" சீட்டாட்டத்தில் தகராறா? அதற்கும் தலாக். எங்கள் ஆண்கள் பலருக்கும் இந்தக் கேடுகெட்ட பழக்கம் உண்டு. சொன்னதை மீறினால் அவள் அதன்பிறகு மனைவி இல்லை. யெஸ்லம் இதுவரை மீறியதில்லை. வீம்புக்காரன். அந்த ஆட்டைக் கடைசிவரை விற்காமல் கிழடாக்கிச் சாகவிட்டான்.

குடியிருக்கும் கூடாரத்து வாசலில்தான் அவன் கடை. அவன் மனைவி மெக்ஃபூலா உள்ளே இருந்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பாள். அவள் ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை.

மொராக்கோவிலிருந்து ஸுஹைர் என்றொருவன் மோட்டார் சைக்கிளில் தனியாக செனகல் போய்க்கொண்டிருந்தான். காலையில் பின்சக்கரம் பஞ்சர். யெஸ்லம் ஒட்டிக் கொடுத்து அனுப்பினான். உச்சிவெயிலில் பார்த்தால் அதே ஆள் வண்டியைத் தள்ளிக்கொண்டு திரும்பி வருகிறான். உதடெல்லாம் வெடித்திருந்தது. ஸலாம்கூடச் சொல்லவில்லை.

"நீ ஒட்டுன லட்சணத்தப் பாரு! கொஞ்ச தூரங்கூடத் தாங்கல. திரும்ப வரட்டும்னே பண்ணியிருக்க, திருட்டுப் பயலே!"

"யாருடா திருடன்? எங்கயோ போயி முள்ளுல ஏத்திட்டு வந்து எம்மேல பழி போடறியா? என் வேலை சுத்தம்டா!"

"சுத்தமா? கழுதைக்கு லாடம் அடிக்கக்கூட நீ லாயக்கில்ல."

என் கடையில் இருந்த லாரி ஓட்டுநர்கள் இருவரும் சிரித்துவிட்டார்கள். யெஸ்லமின் முகம் கறுத்துப்போனது. சாலையே கேட்கும்படி கத்தினான்.

"எல்லாரும் கேட்டுக்குங்க! இனிமே இந்த டயர்ல என் கை பட்டா, உள்ள இருக்கறவளுக்கு முத்தலாக்!"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யாரோ இரண்டு பேருக்குள் சண்டை, பணயம் அவளா? ஸுஹைரும் ஆடிப்போனான். அடுத்த பஞ்சர் கடைக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்ச் சேர முடியாது, சாயங்காலத்துக்குள் ஆற்றங்கரைக்குப் போகாவிட்டால் செனகல் கரைக்குப் போகும் படகும் நின்றுவிடும்.

அப்போது மெக்ஃபூலா முக்காட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு வெளியே வந்தாள்.

"அந்தாளு தொட வேணாம். சக்கரத்தக் கழட்டிக் குடு, நான் ஒட்டறேன்."

யெஸ்லம் கைகளை அக்குளில் செருகிக்கொண்டு பக்கத்திலேயே குந்தினான். அவள் நெம்புக் கம்பியைப் போட்டு டயரைப் பிரித்தாள். அவனால் வாயை வைத்துக்கொண்டு இருக்க முடியவில்லை.

"அப்படி நெம்பாதடி, ட்யூப் கிழிஞ்சிரும். இந்தப் பக்கம், இந்தப் பக்கம்!"

"சும்மா இரு. வாயால தொட்டா என்ன கணக்கு?"

ஓட்டுநர்கள் தேநீரைத் துப்பிக்கொண்டு சிரித்தார்கள். அவள் ட்யூபைத் தேய்த்து, பசை தடவி, ஒட்டுப்போட்டு அழுத்தினாள். பிறகு நேராக டயருக்குள் திணிக்கப் போனாள்.

"ஏய்! உள்ள தடவிப் பாருடி. முள்ளு இருக்கும்!"

"எப்படி இருக்கும்? காலைல நீதான பாத்த? உன் வேலைதான் சுத்தமாச்சே."

"சொன்னாக் கேளு, மறுபடியும் குத்தும்!"

அவள் காதில் வாங்காமல் ட்யூபை உள்ளே தள்ளினாள். "மூதேவி!" என்று பாய்ந்த யெஸ்லம், டயரைப் பிடுங்கி, ட்யூபை உருவிப் போட்டு, உள்ளே கைவிட்டுத் தடவினான். விரல் ஓரிடத்தில் நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தான். கருவேல முள் ஒன்று வந்தது, நுனி தேய்ந்து கறுத்திருந்தது.

ஸுஹைர் குனிந்து பார்த்தான். "இது காலைலேருந்தே உள்ள கெடந்திருக்கு."

யெஸ்லம் முள்ளைப் பார்த்தான். அப்புறம்தான் தன் கை எங்கே இருக்கிறது என்று பார்த்தான்.

மெக்ஃபூலா எழுந்து கையைத் துடைத்துக்கொண்டாள். "எல்லாரும் பாத்தீங்கல்ல?" என்று கேட்டுவிட்டு, தலையை நிமிர்த்தி ஒரு குலவை விட்டாள். கல்யாணத்தன்றுகூட அவள் அப்படிச் சந்தோஷப்பட்டிருக்க மாட்டாள்.

"கோவத்துல சொன்னதுடி... இமாமக் கேட்டுக்கலாம்."

"நீ போயிக் கேளு. எனக்கு ஒரு சந்தேகமும் இல்ல."

அத்தனை வருஷம் டயர்களுக்குப் பக்கத்தில் குடித்தனம் நடத்தியவளுக்கு உள்ளே தடவிப் பார்க்க வேண்டும் என்று தெரியாதா? நன்றாகத் தெரியும். எனக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது, அதை மறைப்பானேன்!

எங்கள் வழக்கத்தில் கூடாரம் பெண்ணுடையது. பிரிந்தால் அவளோடு போய்விடும். மெக்ஃபூலா அப்போதே முளைகளைப் பிடுங்கத் தொடங்கினாள்.

"லெமீன், வந்து இந்தக் கம்பத்தப் புடி" என்று என்னைக் கூப்பிட்டாள்.

அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். ஓட்டுநர்களும் வந்தார்கள். துணி சரிந்து விழுந்ததும் யெஸ்லமின் தலைமேல் வெயில் நேராக இறங்கியது. பம்பு, பசை டப்பா, கம்பிகள் எல்லாம் வெட்டவெளியில் கிடந்தன.

"என் டயரு?" என்றான் ஸுஹைர்.

யெஸ்லம் அதை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு ட்யூபைத் திணித்தான். இனி அதைத் தொட அவனுக்குத் தடையேதும் இல்லை.